ரைபிள் தோட்டாக் கூடுகளின் தரமும் சீர்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுட்ட பின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர், பவுடர், குண்டு வைத்து, ரைபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புவோருக்கான பக்கம் இது. உரிமமும், பவுடர் தயாரிப்பாளரின் கையேடும், அடிப்படைப் பயிற்சியும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறோம். அளவுகள் அங்குலத்திலும் கிரெயினிலும் இருக்கும். 0.001 அங்குலம் என்பது 0.025 மி.மீ.; 1 கிரெயின் என்பது 0.0648 கிராம். தனியாகச் சொல்லாத இடங்களில் எடுத்துக்காட்டு .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை.

நல்ல கூடு என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். இந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்குமா? பெட்டியில் உள்ள மற்றக் கூடுகளும் இதைப் போலவே இருக்கின்றனவா?

முதல் கேள்விக்கான விடை கூட்டின் அடியில் இருக்கிறது. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழி இறுக்கமாக இருக்க வேண்டும், அடிக்கு மேலே சுவர் மெலிந்திருக்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்கான விடை குண்டைப் பிடிக்கும் கழுத்திலும் உள் கொள்ளளவிலும் இருக்கிறது. பளபளப்புக்கும் இந்த இரண்டுக்கும் தொடர்பே கிடையாது.

நூறு கூடும் ஒரே மாதிரி கொஞ்சம் கனமாக இருந்தால் அதில் குறை ஒன்றுமில்லை. பவுடர் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அறுபது கனமாகவும் நாற்பது லேசாகவும் கலந்து கிடப்பதுதான் தொல்லை. ஒரே அளவு பவுடர், ஒரே குண்டு போட்டாலும் அழுத்தம் மாறும், வேகம் மாறும், தொலைவில் குண்டு மேலும் கீழுமாக விழும். 100 மீட்டரில் இது கண்ணில் படாமல் போகலாம். 600 மீட்டரைத் தாண்டினால் இலக்குத்தாளில் அப்படியே தெரியும்.

கூடு ஒன்றுக்கொன்று ஏன் வேறுபடுகிறது? எல்லாம் இயந்திரத்தில் செய்ததுதானே?

கூட்டுப் பித்தளையில் செம்பு 70 விழுக்காடு, துத்தநாகம் 30 விழுக்காடு. தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டைக் கிண்ணம்போல் அழுத்தி, அதைப் பல கட்டங்களாக இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி மென்மையாக்கிக் கூடாக்குகிறார்கள். இழுக்கும்போது உள்ளச்சு மையத்திலிருந்து மயிரிழை விலகினால்கூட ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போகும். கழுத்தில் நீங்கள் அளக்கும் தடிமன் வேறுபாடு பெரும்பாலும் உடல் வரை இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட கூட்டைச் சுடும்போது மெலிந்த பக்கம் அதிகம் நீளும். சில சுற்றுகளில் (ஒரு முறை நிரப்பிச் சுடுவது ஒரு சுற்று) கூடே வில்லாக வளையும். கழுத்தைக் கடைந்து சரிசெய்தாலும் உடலில் உள்ள கோணல் அப்படியே இருக்கும். அதனால்தான் தடிமன் வேறுபாடு அதிகமான கூட்டைத் திருத்தப் பார்ப்பதைவிட ஒதுக்குவது நல்லது என்கிறோம்.

என்னென்ன கருவி வேண்டும்?

0.001 அங்குலம் நம்பகமாகக் காட்டும் காலிப்பர், 0.1 கிரெயின் வரை பிரிக்கும் தராசு, தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அளவைப் பார்க்கும் கம்பேரட்டர், கழுத்துச் சுவரை அளக்கும் உருண்டைமுனை மைக்ரோமீட்டர். தொடங்குவதற்கு இவை போதும். சாதாரணக் காலிப்பரின் தட்டைத் தாடையால் கழுத்துச் சுவரை அளக்காதீர்கள். சுவரின் உட்புறம் வளைவு. தட்டைத் தாடை வளைவின் நடுவைத் தொடாமல் இரு ஓரங்களில் உட்கார்ந்து, உள்ளதைவிடத் தடிமனாகக் காட்டும்.

மின்தராசை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். பத்துக் கூட்டுக்கு ஒரு முறை அதே சோதனை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் பட்டால் 0.1 கிரெயின் அளவுக்கு எண் சுலபமாக நகரும்.

புதுக் கூடு வாங்கியதும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நல்ல வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். தேடவேண்டியவை: கழுத்தில் நெடுக்குக் கீறல் அல்லது பிளவு, தோளில் மடிப்பு, உடலில் ஆழமான கோடு, மையம் விலகிய தீத்துளை (பிரைமரின் சுடர் உள்ளே போகும் துளை). வாய் நசுங்கியிருந்தால் குறையாகக் கொள்ள வேண்டாம். பயணத்தில் நேர்வது அது, மாண்ட்ரலை (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் தண்டு) உள்ளே விட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் தெரிந்தால் கறை என்று எண்ணிவிடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் அனீல் செய்த, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய அடையாளம் அது. சில தயாரிப்பாளர்கள் அதை மெருகேற்றி அழிக்கிறார்கள், சிலர் அப்படியே விடுகிறார்கள். லபுவா நிறுவனக் கூடுகளிலும் ராணுவக் கூடுகளிலும் தெளிவாகப் பார்க்கலாம்.

பிறகு இருபது கூடுகளை உருவி நீளம், எடை, கழுத்துச் சுவர் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். அதே தயாரிப்பாளரின் அடுத்த லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை) வாங்கும்போது ஒப்பிட வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது.

எடை பார்த்துப் பிரித்தால் போதாதா?

எடை ஓர் அடையாளம் மட்டும். நமக்கு வேண்டியது உள் கொள்ளளவு. வெளி அளவு ஒன்றாக இருந்தால், உலோகம் கூடினால் உள்ளிடம் குறைய வேண்டும் என்பது கணக்கு. கூட்டுப் பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 8.5 மடங்கு. ஆகவே 8.5 கிரெயின் எடை வேறுபாடு, உள்ளே 1 கிரெயின் தண்ணீர் அளவு வேறுபாட்டுக்குச் சமம். .308 கூட்டில் ஏறக்குறைய 56 கிரெயின் தண்ணீர் கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். 2 கிரெயின் எடை வேறுபாடு 0.25 கிரெயின் தண்ணீருக்கும் கீழே, அதாவது மொத்தத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. விளிம்பும், கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கும் எக்ஸ்டிராக்டர் பள்ளமும், ரைபிளில் தோட்டா அமரும் அறைக்கு வெளியே நிற்பவை. பள்ளத்தைச் சற்று ஆழமாகக் கடைந்த கூடு எடை குறைந்திருக்கும், ஆனால் உள் கொள்ளளவு மாறியிருக்காது. அதனால் எடை வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு உள்ளிடத்தோடு தொடர்பே இல்லை.

எங்கள் முடிவு இதுதான். ஒரே லாட்டில் எடை பார்ப்பதன் பயன், கும்பலை விட்டு விலகி நிற்கும் சில கூடுகளைப் பொறுக்கி எடுப்பதில் இருக்கிறது. ஒரு கிரெயினுக்கு ஒரு பெட்டி என்று ஏழெட்டாகப் பிரிப்பதில் செலவாகும் மாலைப்பொழுதைக் கழுத்துச் சுவருக்கும் அனீலிங்குக்கும் கொடுங்கள்.

எடை பார்ப்பதானால் எல்லாக் கூட்டையும் ஒரே நீளத்துக்கு டிரிம் செய்து, வாயைச் சீவி, பிரைமரை எடுத்துக் குழியைத் துடைத்த பிறகே பாருங்கள். ஒன்றில் கரி, இன்னொன்றில் பிசிறு என்று இருந்தால் நீங்கள் அளப்பது அழுக்கை.

தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு அளப்பது எப்படி?

உங்கள் ரைபிளிலேயே சுட்ட, டையில் (விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) இன்னும் போடாத கூடுகளை எடுங்கள். சுட்ட கூடு உங்கள் அறையின் வடிவத்தைப் பெற்றிருக்கும். டையில் போட்டுவிட்டால் அந்த வடிவம் போய்விடும், அளவு குறைத்துக் காட்டும். பத்துக் கூடு போதும். எல்லாவற்றின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சுட்ட பிரைமரைக் குழியிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீரை அடைக்கும் மூடி அதுதான். கூட்டைக் காலியாக எடைபோட்டு, மருந்து ஊசியால் மெதுவாக நிரப்புங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் மேற்பரப்பு இழுவிசை குறையும். விரலால் பக்கவாட்டில் நான்கைந்து முறை தட்டினால் தோளுக்கடியில் ஒட்டியிருக்கும் குமிழி மேலே வரும். இங்கேதான் பெரும்பாலான பிழை நடக்கிறது. வாயில் தண்ணீர் மேடாக நிற்கும்போது ஒரு கூட்டையும் குழிவாக நிற்கும்போது இன்னொன்றையும் எடைபோட்டால் 0.2 கிரெயின் தானாக வந்து சேரும். கண்ணை வாயின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்து, தண்ணீர் சமமாக நிற்கும் வரை பிளாட்டிங் தாளின் முனையால் ஒற்றி எடுங்கள். வெளிப்புறத்தைத் துடையுங்கள். எடைபோட்டுக் காலி எடையைக் கழியுங்கள்.

ஒரே கூட்டை மூன்று முறை நிரப்பி அளந்து பாருங்கள். அந்த மூன்றுக்கும் இடையே வரும் வேறுபாடுதான் உங்கள் அளவீட்டின் பிழை எல்லை. பத்துக் கூடுகளுக்கு இடையிலான வேறுபாடு அந்த எல்லைக்குள்ளேயே அடங்கினால் கொள்ளளவைப் பொறுத்தவரை உங்கள் லாட் ஒன்றாக இருக்கிறது என்று விட்டுவிடலாம்.

பத்துக் கூட்டை அளந்தேன், வீச்சு 2 கிரெயின். நண்பர் நூறு அளந்தார், வீச்சு 3.5. அவருடைய லாட் மோசமா?

அப்படிச் சொல்ல முடியாது. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து வரும் வீச்சு, எண்ணிக்கை கூடக்கூடத் தானாகவே விரியும். வழக்கமான பரவல் உள்ள பொருளில் 5 கூட்டின் சராசரி வீச்சு திட்ட விலக்கத்தைப்போல் 2.3 மடங்கு. 10 கூட்டுக்கு 3.1, 20 கூட்டுக்கு 3.7, 100 கூட்டுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. உங்கள் 2 ஐ 3.1 ஆல் வகுத்தால் 0.65, அவருடைய 3.5 ஐ 5 ஆல் வகுத்தால் 0.70. இரண்டு லாட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒப்பிடுவதானால் திட்ட விலக்கத்தை ஒப்பிடுங்கள், அல்லது இருவரும் ஒரே எண்ணிக்கையில் அளந்து வீச்சை ஒப்பிடுங்கள்.

கழுத்துச் சுவரை எங்கே அளப்பது? எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம்?

வாயிலிருந்து கழுத்தின் பாதி ஆழத்தில், சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். .308 கூட்டில் சுவர் பொதுவாக 0.013 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கும். ஒரே கூட்டுக்குள் 0.001 வரை வேறுபாடு இருந்தால் துல்லியப் போட்டிக்கே எடுக்கலாம். 0.002 வரை வேட்டைக்கும் சாதாரண இலக்குப் பயிற்சிக்கும் தாராளம். 0.003 தாண்டினால் ரைபிளைச் சீர்பார்க்கச் சுடும் கூடுகளோடு சேர்த்துவிடுங்கள்.

கூட்டுக்குக் கூடு உள்ள வேறுபாட்டையும் மறக்காதீர்கள். புஷிங் டை (கழுத்தை ஒரு வளையத்தால் சுருக்கும் டை) வெளிவிட்டத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. சுவர் 0.014 உள்ள கூடும் 0.015 உள்ள கூடும் ஒரே புஷிங்கில் போனால் உள்விட்டத்தில் 0.002 வேறுபாடு வந்துவிடும். குண்டைக் கழுத்து பிடிக்கும் இறுக்கமே 0.002 அளவில்தான் வைக்கிறோம் என்றால், இந்த வேறுபாடு அதை இரட்டிப்பாக்கவோ இல்லாமல் செய்யவோ வல்லது. கடைசியில் மாண்ட்ரல் விட்டால் உள்விட்டம் சீராகும், தடிமன் வேறுபாடு வெளிப்புறத்துக்குத் தள்ளப்படும். கழுத்தைக் கடையாதவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் மாற்றம் இந்த மாண்ட்ரல்தான்.

கழுத்தைக் கடையலாமா?

தொழிற்சாலை அறை உள்ள ரைபிளுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அதன் கழுத்துப் பகுதி ஏற்கெனவே தாராளமாக இருக்கும். கடைந்தால் இடைவெளி இன்னும் கூடும், ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை அதிகம் விரிந்து சுருங்கிச் சீக்கிரம் கெட்டிப்படும். மேடான பக்கத்தை மட்டும் சீவுவது போல, சுற்றளவில் முக்கால் பங்கு வெட்டுப்படும் அளவுக்கு லேசாகக் கடைவது உண்டு. அதற்குமேல் வேண்டாம்.

இறுக்கமான கழுத்து வெட்டிய அறை என்றால் கடைவது கட்டாயம். நிரப்பிய தோட்டாவின் கழுத்து விட்டத்துக்கும் அறையின் கழுத்து விட்டத்துக்கும் இடையே மொத்தம் 0.002 அங்குலமாவது இருக்க வேண்டும், 0.003 இருந்தால் நிம்மதி. இடைவெளி இல்லாவிட்டால் கழுத்து விரிய இடமின்றிக் குண்டை விடாது, அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும். சுலபமான சோதனை ஒன்று உண்டு. சுட்ட கூட்டின் கழுத்தில் புதுக் குண்டைக் கையால் நுழைத்துப் பாருங்கள். தங்குதடையின்றி விழ வேண்டும். வாயிலேயே நின்றால் இடைவெளி போதாது. பாதி இறங்கிக் கழுத்தின் அடியில் நின்றால், தோளிலிருந்து தடித்த பித்தளை கழுத்துக்கு நகர்ந்து உள்ளே வளையம் கட்டியிருக்கிறது. அதை உள்ரீமரால் (உட்புறத்தைச் சீவும் கருவி) எடுக்க வேண்டும்.

ரன்அவுட் (தோட்டாவை உருட்டும்போது தெரியும் கோணல்) எவ்வளவு இருக்கலாம்?

நிரப்பிய தோட்டாவை உருட்டி, குண்டின் மேல் டயல் ஊசியை வைத்தால் 0.003 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. 0.005 தாண்டுபவற்றை ஒதுக்குங்கள். ஒதுக்கியதோடு நிற்காமல் கோணல் எங்கே புகுந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள்: சுட்ட கூடு, டையில் போட்ட கூடு, மாண்ட்ரல் விட்ட கூடு, குண்டு வைத்த தோட்டா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஐந்து கூடுகளை அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். சுட்ட கூடு நேராக இருந்து டையில் கெட்டால் பெரும்பாலும் டையின் உருண்டை விரிப்பான் கழுத்தைப் பக்கவாட்டில் இழுத்திருக்கும்.

பிரைமர் குழியில் என்ன பார்க்க வேண்டும்?

பெரிய ரைபிள் பிரைமருக்குக் குழியின் ஆழம் 0.125 முதல் 0.132 அங்குலம்; சிறியதற்கு 0.117 முதல் 0.123. உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 வரை இருக்க வேண்டும். மேலே துருத்தினால், குறிப்பாகத் தானியங்கி வகைகளில், போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) மூடும்போதே வெடிக்கும் அபாயம் உண்டு.

இறுக்கத்தைப் பிரைமர் பொருத்தும் கைக்கருவியில்தான் சரியாக உணர முடியும். நல்ல குழியில் பிரைமர் தொடக்கம் முதல் ஒரே சீராக எதிர்ப்புக் காட்டி, அடியில் தொட்டதும் நெம்புகோல் உறுதியாக நிற்கும். தளர்ந்த குழியில் வழுக்கிக்கொண்டு போய் அடியில் மட்டும் நிற்கும். அப்படி உட்கார்ந்த கூட்டை அன்றே ஒதுக்குங்கள். பிரைமரைச் சுற்றிப் புகைக்கறை வந்திருந்தால் வாயு ஏற்கெனவே கசிந்திருக்கிறது. போல்ட் முகத்தில் பள்ளம் விழத் தொடங்கும். இரண்டு மூன்று சுற்றிலேயே ஒரு பெட்டி முழுக்கத் தளர்ந்தால் பழியைக் கூட்டின் மேல் போடாதீர்கள். உங்கள் பவுடர் அளவு கூடுதல்.

தீத்துளை வழக்கமாக 0.080 அங்குலம். சிறு பிரைமர் போட்ட 6.5 கிரீட்மோர் லபுவா கூடு போன்ற சிலவற்றில் 0.059 அங்குலம், அதாவது 1.5 மி.மீ. சுட்ட பிரைமரைத் தள்ளி எடுக்கும் சாதாரண டிகேப்பிங் ஊசி அதில் நுழையாமல் சிக்கி முறியும். மெல்லிய ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். துளையைக் குத்திச் செய்த கூடுகளில் உட்புறம் பிசிறு நிற்கும். சில கூட்டில் நீளமாக, சிலவற்றில் இல்லாமல் இருக்கும். உட்பிசிறு நீக்கியை ஒரு முறை விட்டுத் திருகினால் போதும், கூட்டின் ஆயுளில் இன்னொரு முறை தேவைப்படாது.

அடிக்கு மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறது. ஆபத்தா?

இருக்கலாம். விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரையுள்ள பகுதியில், உடலைச் சுற்றி மெல்லிய வெளிறிய கோடு தெரிந்தால் சுவர் உள்ளே மெலிந்துகொண்டிருக்கக்கூடும். டை தொட்ட இடத்திலும் இதே பகுதியில் மங்கலான பளபளப்பு வரும். பார்வையால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது.

உள்ளே தடவிப் பார்ப்பதுதான் வழி. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையில் 2 மி.மீ. அளவுக்கு மட்டும் செங்கோணமாக மடக்கி, முனையைக் கூராக அரவுங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, கூர்முனையைச் சுவரில் லேசாக அழுத்தியபடி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் அடியின் தடிமனிலிருந்து சுவர் வரை வழவழவென்று சரிந்து ஏறும். மெலிந்த கூட்டில் அந்தக் கோடு உள்ள இடத்தில் முனை ஒரு பள்ளத்தில் விழுந்து, மறுகரையில் இடறி வெளியேறும். அந்த இடறலை ஒரு முறை உணர்ந்தால் போதும், அடுத்த முறை தேட வேண்டியிருக்காது. ஐயம் இருந்தால் ஒரு கூட்டை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். பள்ளம் கண்ணுக்கே தெரியும். ஒரு கூட்டில் பள்ளம் இருந்தால் அதே வரலாறு உள்ள மற்றவற்றிலும் இருக்கும். முழுப் பெட்டியையும் சோதியுங்கள்.

இப்படியே விட்டால் ஒரு நாள் கூடு இரண்டாகப் பிரியும். முன்பாதி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். உயர் அழுத்த வாயு பின்பக்கம் முகத்தை நோக்கி வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சுவர் மெலிவது எதனால்? தவிர்க்க முடியாதா?

டையில் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளுவதுதான் முதல் காரணம். சுடும்போது கழுத்தும் முன்னுடலும் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடி மட்டும் போல்ட் வரை பின்னால் போகும். அந்த நீட்சி முழுவதும் அடிக்கு மேலே உள்ள அந்த ஓரிடத்திலேயே நடக்கும்.

சுட்ட கூட்டின் தோளைக் கம்பேரட்டரால் அளந்து, போல்ட் ரைபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலமும், தானியங்கிக்கு 0.003 முதல் 0.005 அங்குலமும் மட்டும் பின்னால் தள்ளுங்கள். அளக்கும் முன் சுட்ட பிரைமரை எடுத்துவிடுங்கள். அது துருத்தியிருந்தால் அளவு பொய் சொல்லும். டை செல்ஹோல்டரை (கூட்டின் அடியைப் பிடிக்கும் பாகம்) தொடும் வரை இறக்கி அதற்குமேல் கால் சுற்று என்ற பொது விதி எல்லா அறைக்கும் பொருந்தும்படி சொல்லப்பட்டது; உங்கள் அறைக்கு அது அதிகமாக இருக்கலாம்.

நீளம்?

.308 க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், டிரிம் அளவு 2.005. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. 6.5 கிரீட்மோருக்கு 1.920, 1.910. டையில் போட்ட பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் டையே கூட்டை நீட்டுகிறது. உச்சத்தைத் தாண்டிய கூட்டின் வாய் அறையின் முனையில் இடித்துக் குண்டைக் கவ்வும். அதன் விளைவு அழுத்த உயர்வு. டிரிம் அளவைவிடச் சில ஆயிரத்திலொன்று குட்டையாக இருந்தால் கவலை இல்லை, எல்லாம் ஒன்றாக இருந்தால் சரி.

அனீலிங் எப்போது, எவ்வளவு?

பித்தளை விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் கெட்டிப்படும். கழுத்து கெட்டிப்பட்டால் டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். கூட்டுக்குக் கூடு அது மாறுவதால் குண்டைப் பிடிக்கும் இறுக்கமும் மாறும். கடைசியில் கழுத்து நெடுக்காகப் பிளக்கும். மூன்று நான்கு சுற்றுக்கு ஒரு முறை அனீல் செய்வது வழக்கம். துல்லியப் போட்டியாளர்கள் ஒவ்வொரு சுற்றும் செய்கிறார்கள். எந்த இடைவெளியானாலும் பெட்டி முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாயுச் சுடரில் செய்வதானால் கூட்டைச் சுழற்றியபடி, சுடரின் நீல உட்கூம்பின் முனை கழுத்துக்கும் தோளுக்கும் சந்திப்பில் படுமாறு பிடித்து, இருட்டிய அறையில் கழுத்து மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் நொடியில் எடுத்துவிடுங்கள். வெப்பம் காட்டும் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவி நேரத்தைக் கணித்துக்கொள்ளலாம்; 400 டிகிரி செல்சியஸ் பூச்சு இதற்கு ஏற்றது. அடிப்பகுதி 250 டிகிரியைத் தொடவே கூடாது. அடி மென்மையானால் அது அழுத்தத்தைத் தாங்காது, மறுபடி கெட்டிப்படுத்த வீட்டில் வழியும் இல்லை. அப்படி ஒரு கூடு சூடாகிவிட்டது என்று ஐயம் வந்தாலே நசுக்கிவிடுங்கள். தண்ணீரில் போட்டுக் குளிர்விப்பதால் பித்தளை கெட்டிப்படாது. வெப்பம் அடிக்கு இறங்குவது நிற்கும், அவ்வளவே. பிரைமர் போட்ட கூட்டை ஒருபோதும் அனீல் செய்யாதீர்கள்.

ராணுவக் கூடும் ரேஞ்சில் பொறுக்கிய கூடும் பயன்படுமா?

பயன்படும், உழைப்புக் கூடுதல். முதலில் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்சர் வகைப் பிரைமர், ஓரமாக இரண்டு சிறு துளை இருந்தால் பெர்டான் வகை. பெர்டானில் டிகேப்பிங் ஊசி முறியும். காந்தத்தில் ஒட்டினால் எஃகுக் கூடு, விட்டுவிடுங்கள். ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றி அழுத்தி வைத்த வளையம் இருக்கும். பிரைமரை எடுத்த பிறகு அதை அழுத்தியோ ரீமரால் சீவியோ நீக்க வேண்டும். ரீமரை அதிகம் திருகினால் குழியே தளர்ந்துவிடும்.

7.62 நேட்டோ கூடு வணிக .308 ஐவிடப் பெரும்பாலும் 10 முதல் 20 கிரெயின் கனம். உள்ளிடம் குறைவு என்பதால் வணிகக் கூட்டுக்கு அமைத்த பவுடர் அளவை அதில் அப்படியே போடக்கூடாது. கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பிப் படிப்படியாக ஏறுங்கள். 5.56 கூடுகளில் இந்த வேறுபாடு பொதுவாக இல்லை. அங்கே அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பொறுக்கிய கூட்டை அடிமுத்திரை வாரியாகப் பிரிப்பது தொடக்கம் மட்டுமே. ஒரே முத்திரை இருந்தாலும் எத்தனை முறை சுட்டது, எந்த அறையில் சுட்டது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பேப்பர் கிளிப் சோதனை கட்டாயம். உடலில் நெடுக வரிவரியாகக் கரிக்கோடு இருந்தால் ஜி3 வகைத் துப்பாக்கியின் பள்ளம் வெட்டிய அறையில் சுட்டது. விளிம்பும் வாயும் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சுத்தம் செய்யும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

அமோனியா கலந்த எந்த மெருகுத் திரவமும் கூடாது. இழுவிசை தேங்கி நிற்கும் பித்தளையை அமோனியா விரிசல் விட வைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டு விரிசல் விட்டன. லாயத்தின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பதை 1921 இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். கடும் அமிலமும் வேண்டாம்; துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சி, இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசினால் போதும்.

பிரைமர் கரியில் ஈயம் உண்டு. உலர் டம்ளரின் (கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரம்) தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். மூடியைத் திறந்த வெளியில் திறவுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

கூடுகளை எப்படிக் கணக்கு வைப்பது? எப்போது கழிப்பது?

ஐம்பது அல்லது நூறு கூடு ஒரு பெட்டி. ஒரே லாட், ஒரே ரைபிள், ஒரே எண்ணிக்கைச் சுற்று. பெட்டிக்குள் ஒரு சீட்டில் வாங்கிய தேதி, சுற்று எண், கடைசி அனீல், கடைசி டிரிம் எழுதுங்கள். ஒன்று தொலைந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள்; தொண்ணூற்றொன்பதாகவே இருக்கட்டும்.

கழுத்தில் பிளவு, தளர்ந்த பிரைமர் குழி, கிளிப்பில் தட்டுப்படும் பள்ளம், அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) துளையின் ஆழமான பதிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கூட்டின் காலம் முடிந்தது. கழுத்துப் பிளவு ஒன்றிரண்டு வந்தால் அவற்றைக் கழித்து, பெட்டியில் மிச்சமுள்ளதை அனீல் செய்து இன்னும் ஓட்டலாம். குழியோ சுவரோ கெட்டால் மிச்சத்தையும் ஐயத்தோடு பாருங்கள். கழித்த கூட்டை மேசையில் வைக்காமல் அப்போதே இடுக்கியால் வாயை நசுக்கிப் பழைய உலோக டப்பாவில் போடுங்கள். நசுங்காத கூடு எப்படியோ மறுபடி நல்ல கூட்டோடு கலந்துவிடும்.